திற்பரப்பு அருவியும் பன்னிரண்டாயிரம் ரூபாய் டிவியும்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ஒரு டிவி கடை. சுவர் முழுக்க 32 அங்குல டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது: கிளியின் சிறகு, பழத்துண்டின் மேல் உருளும் நீர்த்துளி. அந்தப் படத்தில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் சட்டைப் பையில் பன்னிரண்டாயிரம் ரூபாய், ரப்பர் ஷீட் விற்ற பணம். வீட்டிலிருக்கும் பழைய டிவிக்கு நாலு வயதுதான் ஆகிறது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ரிமோட்டை அமுக்கினால் எழுந்து வர நேரம் பிடிக்கிறது. போன மாதம் ஒரு ஆப், "இந்தக் கருவியில் இனி இயங்காது" என்று சொல்லிவிட்டது.

"இதுல எது மக்களே நல்லது?" என்றார் என்னிடம்.

கடையில் நின்ற பையன் ஒவ்வொன்றாக விரல் நீட்டினான். "இது கூகிள். அது ஃபயர். அந்தா மூலையில உள்ளது கம்பெனிக்க சொந்த ஓ.எஸ்."

நான் ஒன்றுதான் கேட்டேன். யூடியூபைத் திறந்து, மழைக்காலத்தில் எடுத்த திற்பரப்பு அருவி வீடியோ ஒன்றைப் போடச் சொன்னேன். கோதையாறு நுரைத்துக்கொண்டு பாறையில் விழுகிற காட்சி. அருவியை நேரில் பார்க்க டிவி வேண்டாம், பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் டிவிக்குள் என்ன நடக்கிறது என்பதை அருவியைப் போல வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது.

கணக்கைப் பாருங்கள். முழு எச்.டி. படம் ஒன்றில் 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். வினாடிக்கு 25 படங்கள். அப்படியே அனுப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் ஓட வேண்டும். நம் வீட்டுக்கு வந்து சேரும் வீடியோவோ வினாடிக்கு 50 லட்சம் பிட் அளவில்தான் வருகிறது. இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வழியில் தொலையவில்லை, அனுப்பப்படவே இல்லை. அனுப்பாததை டிவியே கணக்குப் போட்டு வரைகிறது.

எப்படி? செய்தி வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருக்கும் சுவரும் மேசையும் அசையாது, உதடும் கண்ணிமையும்தான் அசையும். அதனால் முதல் படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்த படத்துக்கு "இந்தக் கட்டத்தை அப்படியே வை, அந்தக் கட்டத்தை இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்த்து" என்று குறிப்பு மட்டும் அனுப்பினால் போதும். பேருந்து போகிற காட்சியிலும் இதுவே நடக்கும். பேருந்தைப் புதிதாக வரையத் தேவையில்லை, பழைய பேருந்தை நகர்த்தினால் சரி.

அருவியில் இந்த வித்தை தோற்றுப்போகிறது. விழுகிற நீரில் போன நொடியில் இருந்த நுரை இந்த நொடியில் இல்லை. நகர்த்துவதற்குப் பழைய கட்டமே கிடையாது. எல்லாவற்றையும் புதிதாக அனுப்ப வேண்டும், பிட்டுகளோ போதாது. அதனால்தான் கிளியின் சிறகில் மின்னிய டிவி அருவியில் சதுரம் சதுரமாக உடைகிறது. நம் ஊரில் ரப்பர் தோட்டத்துக்குள் மழை பெய்கிற வீடியோ எடுத்தவர்களுக்கு இது தெரியும். இலை முழுக்க அசையும்போது படம் குழைந்துபோகும்.

இந்தச் சுருக்கலின் நடுவில் ஒரு இந்தியக் கதை இருக்கிறது. பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, படத்தின் ஒரு சிறு கட்டத்தை அலைகளாகப் பிரிக்கும் கணித முறை ஒன்றை யோசித்தார். மெதுவாக மாறும் அலைகளை வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்பது அதன் பயன். 1972இல் இதற்கு ஆய்வு நிதி கேட்டு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இன்று நீங்கள் அனுப்பும் ஜேபெக் புகைப்படத்திலும் பார்க்கும் யூடியூப் வீடியோவிலும் அந்தக் கணிதத்தின் வழித்தோன்றல்தான் ஓடுகிறது. நிதி மறுக்கப்பட்ட ஒரு யோசனை குலசேகரத்தில் ஒவ்வொரு முன்னறைக்கும் வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி சித்தப்பாவின் பழைய டிவிக்கு வருவோம். அதில் படம் ஓட ஆரம்பித்துவிட்டால் தடங்கலின்றி ஓடும். மெனுவுக்குப் போனால்தான் திணறும். இது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டிவியின் சில்லில் வீடியோவை விரிப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வேறு வேலை தெரியாது, அந்த ஒரு வேலையில் சளைக்காது. மெனு, தேடல், விளம்பரப் படங்கள், குரல் கேட்பது எல்லாம் பொதுச் செயலியின் தலையில் விழுகின்றன. மலிவு டிவியில் அந்தச் செயலி, பழைய மலிவு போனில் இருப்பதற்குச் சமம். கூடவே ஒரு ஜி.பி. ரேம். கூகிளோ ஃபயரோ வேறு எதுவோ, நாம் "பிளாட்ஃபார்ம்" அல்லது "ஓ.எஸ்." என்று சொல்வது இந்தப் பொதுச் செயலியின் மேல் குடியிருக்கும் மென்பொருளைத்தான்.

எதைப் பார்ப்பது என்ற தேர்வு குமரி மாவட்டத்தார்க்குப் புதிதல்ல. எண்பதுகளில் அது கூரைக்கு மேல் இருந்தது. 1985 ஜனவரியில் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள ஒளிபரப்பு தொடங்கியபோது ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். தென் கடலோரங்களில் இலங்கையின் ரூபவாகினிக்குத் திருப்பியவர்களும் உண்டு. காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் கூரையில் ஏறுவார், கீழேயிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று கத்துவார். பிறகு கேபிள் வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போதெல்லாம் டிவி வெறும் பெட்டி, எதை வாங்கினாலும் எல்லாச் சேனலும் தெரியும். இப்போது எதைப் பார்க்க முடியும், எத்தனை ஆண்டு பார்க்க முடியும் என்பது பெட்டிக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது.

எத்தனை ஆண்டு என்பதைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. 2015இல் பழைய டிவிகள் பலவற்றில் யூடியூப் நின்றது. 2019 டிசம்பரில் 2010, 2011ஆம் ஆண்டுகளின் சில சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. திரையில் பழுது இல்லை, மின்சாரத்தில் குறை இல்லை. உள்ளேயிருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இணையத்தில் ஒரு கருவி இன்னொன்றை நம்புவதற்கு "மூலச் சான்றிதழ்" என்று ஒன்று உண்டு. பால் பாக்கெட்டில் இருப்பதுபோல அதிலும் ஒரு கடைசித் தேதி எழுதியிருக்கும். கோடிக்கணக்கான இணையதளங்கள் சார்ந்திருந்த அப்படியொரு சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிப்பு வராத பழைய கருவிகள் பல, நேற்றுவரை போன தளத்துக்கு மறுநாள் போக முடியாமல் நின்றன.

சேமிப்பும் முதுமைக்கு ஒரு காரணம். மலிவு டிவியில் பெரும்பாலும் 8 ஜி.பி. இருக்கும், அதில் பாதிக்கு மேல் டிவியின் சொந்த மென்பொருளே பிடித்துக்கொள்ளும். அந்த நினைவகத்தில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. கரும்பலகை முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பலகைகள் நிறைய இருந்தால் வேலை சட்டென்று முடியும். ஆப்கள் நிரம்பி ஒன்றிரண்டு பலகைதான் மிச்சம் என்றால், இருப்பதை வேறிடத்தில் எழுதி, துடைத்து, மறுபடி எழுதி என்று ஒரு சின்ன வேலைக்கே நேரம் போகும். சித்தப்பாவின் பழைய டிவியில் யாருமே திறக்காத ஆப்களைக் கழற்றியபோது கொஞ்சம் உயிர் வந்தது, இந்தக் காரணத்தால்தான்.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் இவ்வளவு குறைந்த விலைக்கு டிவியை விற்கின்றன? விற்றபிறகும் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது. முகப்புத் திரையில் வரும் விளம்பரம் ஒன்று. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்ற தகவல் இன்னொன்று. சில டிவிகள் திரையில் ஓடும் படத்திலிருந்து சிறு சிறு மாதிரி எடுத்து, கைரேகைபோல ஒரு குறியீடாக்கி, மைய இடத்துக்கு அனுப்பி, "இந்த வீட்டில் இப்போது இந்தப் படம் ஓடுகிறது" என்று கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் சொல்லாமல் இப்படிச் செய்தது என்று 2017இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 22 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. 2024 இறுதியில் அதே விசியோவை வாங்கியது யார் தெரியுமா? வால்மார்ட், ஒரு பலசரக்குக் கடை நிறுவனம். விற்றபிறகும் வருமானம் எடுக்கும் இந்த வழியை எங்கள் ஊரில் விளக்க வேறு உவமை வேண்டாம். விடியலில் ரப்பர் மரத்தில் ஒரு கீற்றுப் பட்டைதான் வெட்டுவார்கள். மரம் சாகாது. ஆனால் பால் சிரட்டையில் சொட்டிக்கொண்டே இருக்கும். புது டிவியை முதன்முதலில் அமைக்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று வரிசையாக வரும் பெட்டிகளில் எல்லாவற்றையும் டிக் செய்யத் தேவையில்லை. பார்ப்பதைக் கண்காணிக்கும் வசதியை அணைக்கும் பொத்தான் பல டிவிகளின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. தேடி அணைத்துவிடுங்கள்.

கடைச் சுவரில் கூகிள் டிவிகளே அதிகம் இருப்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. ஆண்ட்ராய்டு இலவச மென்பொருள்தான். ஆனால் ஆப்கள் கிடைக்கும் பிளே ஸ்டோர் இலவசமாகக் கையில் வராது. அது வேண்டுமென்றால் கூகிளின் மற்ற ஆப்கள் முழுவதையும் சேர்த்தே ஏற்ற வேண்டும், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த வேறு கருவிகளையும் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தமாக இருந்தது. இரண்டு வழக்கறிஞர்கள் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்டு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஜூனில் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகிள் 20.24 கோடி ரூபாய் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு டிவிகளுக்கு பிளே ஸ்டோரைத் தனியாகக் கட்டணத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜியோவும் ஜியோடெலி ஓ.எஸ். என்று சொந்தமாக ஒன்றை இறக்கியது. எல்.ஜி.யின் வெப் ஓ.எஸ்., சாம்சங்கின் டைசன் இரண்டும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. வெப் ஓ.எஸ். முதலில் டிவிக்காகப் பிறந்ததே அல்ல, 2009இல் பாம் நிறுவனத்தின் போனுக்காகப் பிறந்தது.

இத்தனைக்கும் நடுவில் குறைந்த பணத்தில் எதை எடுப்பது? என் கருத்தைச் சொல்கிறேன். நம் மாவட்டத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பார்ப்பார்கள். அப்பாவுக்கு மம்மூட்டி படம், பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டுப் போட்டி. பெரிய ஆப்கள் எல்லாப் பிளாட்ஃபார்மிலும் கிடைக்கும். சிறிய மொழி ஆப்களும் சபைகளின் ஆப்களும் ஆண்ட்ராய்டில்தான் தவறாமல் இருக்கும். அதனால் ஒரே பெட்டியாக வாங்குவதானால் கூகிளின் முறையான சான்று பெற்ற டிவி, முடிந்தால் ஒரு ஜி.பி.க்கு மேல் ரேம் உள்ளது. வெப் ஓ.எஸ்.சும் டைசனும் குறைந்த நினைவகத்தில் ஓரளவு நன்றாக ஓடுகின்றன, ஆனால் வீட்டில் என்னென்ன ஆப் பார்ப்பீர்கள் என்று முதலில் எழுதிக்கொண்டு, அவை இருக்கின்றனவா என்று கடையிலேயே தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சான்று என்ற சொல்லை வெறும் முத்திரையாக நினைக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் "ஆண்ட்ராய்டு" என்று அச்சிட்டு, போனுக்கான மென்பொருளை டிவியில் ஒட்டி விற்பவை உண்டு. பாதுகாப்புச் சான்று இல்லாததால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அதில் மங்கலான படத்தையே காட்டும், சில வேளை திறக்கவே திறக்காது. அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீய மென்பொருள், சான்றில்லாத மலிவு ஆண்ட்ராய்டுக் கருவிகள் ஒரு கோடிக்கு மேற்பட்டவற்றில் புகுந்திருப்பதாகச் சொல்லி 2025 ஜூலையில் கூகிள் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பெட்டி உங்கள் வீட்டில் இருக்கும், அதன் வழியாக இணையத்தில் தப்புச் செய்பவன் வேறு எங்கோ இருப்பான்.

ஆனால் பணம் மிகக் குறைவு என்றால் நான் சொல்வது வேறு வழி. திரையையும் மூளையையும் பிரித்து வாங்குங்கள். நல்ல திரை, அருகில் சர்வீஸ் உள்ள கம்பெனி, இரண்டு எச்.டி.எம்.ஐ. துளை. இதைப் பார்த்து டிவியை எடுங்கள், அதன் ஓ.எஸ்.சைப் பெரிதாக எண்ண வேண்டாம். மூன்றாண்டு கழித்து அது தளரும்போது சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் சொருகினால் டிவிக்குப் புது மூளை வந்துவிடும். ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுக்காதீர்கள். பழைய வகை யு.எஸ்.பி. துளை தருவது அரை ஆம்பியர்தான், ஸ்டிக் அதில் மூச்சு வாங்கும். கூட வரும் அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். ஸ்டிக்கிலும் ஒரு கவனம்: அமேசான் 2025இல் வெளியிட்ட ஃபயர் ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் ஓடுவதல்ல, வேகா என்ற புது ஓ.எஸ்.சில் ஓடுவது. வெளியிலிருந்து ஆப் ஏற்ற அதில் வழியில்லை.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. யூடியூபில் ஒரு வீடியோவை ஓட விட்டு, முகப்புக்குப் போய், வேறொரு ஆப்பைத் திறந்து, மறுபடி யூடியூபுக்கு வாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் ரேம் போதும். ஆப் முதலிலிருந்து எழுந்தால், இடமில்லாமல் டிவி அதைக் கொன்றுவிட்டது என்று பொருள். பிறகு வீடியோவின் அமைப்பில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்தால் ஓரத்தில் பொடி எழுத்துகள் வரும். அதில் கோடெக் என்ற வரியைப் பாருங்கள். "ஏவி01" என்று இருந்தால் 2018இல் வந்த ஏவி1 சுருக்கல் முறை. "ஏவிசி1" என்று இருந்தால் 2003இன் முறை. புதிய முறை அதே தெளிவைப் பாதி அளவு டேட்டாவில் தரவல்லது. வினாடிக்கு 50 லட்சம் பிட் என்றால் ஒரு மணி நேரப் படத்துக்கு 2.25 ஜி.பி. ஆகும். போனின் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கும் வீட்டுக்கு இந்த ஒரு வரி மாதா மாதம் மிச்சமாகும் பணம்.

அன்று அருவியை மூன்று டிவியில் ஓட்டினோம். இரண்டில் ஏவி01 வந்தது. ஒன்றில் நுரை சதுரமாக உடைந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம அருவி இல்ல, கல்லு கொட்டுதது போல இருக்கு" என்றார்.

அடுத்து அவருக்கு வந்த ஆசை 43 அங்குல 4கே. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது என்று பையன் சொன்னான், உண்மைதான். ஆனால் கண்ணுக்கும் ஒரு அளவு இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் வரும் கோணத்துக்குக் கீழ் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்காது. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். எச்.டி. ரெடி வகையில் அந்த அகலத்துக்கு 1,366 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் ஆறடி தூரத்தில் கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும். 43 அங்குல 4கே டிவியின் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மூன்றடிக்குள் போய் உட்கார வேண்டும். சித்தப்பாவின் முன்னறையில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே எட்டடி. எச்.டி. ரெடி 32 அங்குலமே அவருக்கு நிறைவு.

கடைசியாக ஒரு விஷயம், எந்தக் கம்பெனியின் விளம்பரத்திலும் இல்லாதது. மலையடிவாரத்தில் நமக்குச் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமழை. மின்னல் டிவிக்குள் வருவது கரண்ட் கம்பி வழியாக மட்டுமல்ல, கேபிளின் செம்பு வழியாகவும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயர் வழியாகவும்தான். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழைக்குள் மின்சாரம் ஓடாது. ஆனால் அந்த இழையைத் தாங்கி வரும் கம்பியும், மோடத்தின் அடாப்டரும், மோடத்திலிருந்து டிவிக்குப் போகும் லேன் வயரும் உலோகம். சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சின் இடைவெளி சில மில்லிமீட்டர், மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தாவி வந்ததற்கு அது தடையே அல்ல.

டிவி வந்த அன்று சாயங்காலமே பேச்சிப்பாறைப் பக்கம் வானம் கறுத்தது. சித்தப்பா பிளக்கைப் பிடுங்கினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கைவிட்டு, கேபிள் வயரையும் கழற்றிச் சன்னல் கம்பியில் படாமல் சுருட்டி வைத்தார்.